புள்ளலூரில் உடைந்த சதுரம்

ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்கு வெளியே, காவிரிக் கரைத் தோட்டத்தில், தரியா தௌலத் மாளிகை இருக்கிறது. திப்பு சுல்தான் 1784-ல் கட்டிய கோடைகால மாளிகை அது. ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரில் மைசூர் ரயிலைப் பிடித்து, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையை ஆற்றங்கரையில் பிரித்துச் சாப்பிடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். திரும்புவதற்கு முன் அந்த மாளிகைக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள்.

மேற்குச் சுவரில் பெரிய போர்க்களச் சித்திரம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. யானைகள், குதிரைகள், வெட்டுண்ட தலைகள். நடுவில் சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்கள், பெட்டி அடுக்கியதுபோல் நெருக்கமாக நிற்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு பல்லக்கு. அதில் ஒரு வெள்ளைக்காரத் தளபதி. அருகே ஒரு வண்டி வெடித்துச் சிதறுகிறது. ஹைதர் அலியும் திப்புவும் ஊர்வலம் வருவதுபோல் அமைதியாக வீற்றிருக்கிறார்கள்.

ஏதோ மைசூர்ப் பக்கத்துச் சண்டை என்று நினைத்துக்கொண்டு கடந்து போகிறவர்களே அதிகம். ஆனால் அந்தச் சண்டை நடந்த இடம் நம் காஞ்சிபுரத்துக்குப் பத்து மைல் தூரத்துக்குள் இருக்கும் புள்ளலூர். நடந்த நாள் 1780 செப்டம்பர் 10. பல்லக்கில் இருப்பவர் கர்னல் வில்லியம் பெய்லி. ஆங்கிலேயர் அதுவரை இந்தியாவில் கண்ட தோல்விகளில் இதுவே மிகப் பெரியது என்று அவர்களுடைய சரித்திர ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

குதிரையும் வேலியும்

படத்தில் சிப்பாய்கள் ஏன் பெட்டிபோல் நிற்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் கதை விளங்கும்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் வாய் வழியாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். கைதேர்ந்தவன் நிமிஷத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடுவான். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. ஒருமுறை சுட்டு மறுமுறை கெட்டிப்பதற்குள் குதிரைக்காரன் தலைமேல் வந்துவிடுவான். தனியாக நிற்கும் சிப்பாய் குதிரைப்படைக்கு முன்னால் செத்தவன்தான்.

அதனால்தான் வரிசை. தோளோடு தோள் உரச, இரண்டு மூன்று வரிசையாக நின்று, முன்வரிசை மண்டியிட்டு, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை நீட்டிப் பிடித்தால் அது ஒரு முள்வேலி. சவாரி செய்கிறவன் எவ்வளவு துணிந்தவனானாலும், குதிரை அந்த வேலிமேல் போய் விழச் சம்மதிப்பதில்லை. ஓரமாகத் திரும்பி ஓடும். திரும்பும்போது பின்வரிசைக்காரன் சுடுவான்.

ஆனால் நேர் வரிசைக்கு இரண்டு முனைகள் உண்டு, முதுகும் உண்டு. குதிரைப்படை சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டால் வரிசை தொலைந்தது. ஆகவே நாலு வரிசையை நாலு பக்கமாக மடக்கிச் சதுரமாக நிற்பார்கள். தளபதி, காயம்பட்டவர்கள், வெடிமருந்து எல்லாம் உள்ளே. எந்தப் பக்கம் வந்தாலும் முகம்தான் தெரியும், முதுகு தெரியாது.

சதுரத்தின் பலம் அதுதான், அபாயமும் அதுவேதான். நாலு பக்கத்து முதுகும் உள்ளே பார்த்து இருக்கிறது. ஒரு மூலையில் இரண்டு ஆள் அகலம் வழி கிடைத்து ஒரே ஒரு குதிரை உள்ளே புகுந்துவிட்டால், நாலு பக்கமும் ஒரே சமயத்தில் காலி. அதனால்தான் ஒருவன் விழுந்தால் பின்னால் நிற்பவன் அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். பின்னால் ஆள் இல்லையென்றால் சதுரம் சிறுத்துப்போனாலும் பரவாயில்லை, இடைவெளி மட்டும் கூடாது என்பது அவர்களுடைய பயிற்சியில் முதல் பாடம்.

பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட் ஜன்னல் முன்னால் விடியற்காலையிலிருந்து நின்றவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நடுவில் ஒருவர் டீ குடிக்க விலகிய இடத்தில்தான் பத்துப் பேர் நுழைவார்கள்.

கரையில் தங்கிய இரவு

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையுடன் செங்கம் கணவாய் வழியாக ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். அவருடைய படை 80,000-க்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். பரங்கிமலையிலிருந்து புகை தெரியும் அளவுக்கு ஊர்கள் எரிந்தன. சென்னைக் கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகள் அதுவரை உறக்கத்தில் இருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

கம்பெனிப் படைத் தலைவர் சர் ஹெக்டர் மன்றோ. பதினாறு வருஷத்துக்கு முன் பக்ஸார் போரில் வென்று பேர் வாங்கியவர். அவர் சுமார் 5,000 பேருடன் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டு கடைசியில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். குண்டூரில் இருந்த கர்னல் பெய்லி சுமார் 2,800 பேருடன் வடக்கிலிருந்து வந்து அவருடன் சேர வேண்டும் என்பது உத்தரவு.

பெய்லி கும்மிடிப்பூண்டி தாண்டி ஆகஸ்டு 25 அன்று கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆறு வறண்டு கிடந்தது. அன்றைக்கே அக்கரை போயிருக்கலாம். படை களைத்திருந்ததோ என்னவோ, இக்கரையிலேயே கூடாரம் போட்டார். அன்றிரவு மழை கொட்டி ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அவரால் ஆற்றைக் கடக்க முடிந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு வாரம் ஹைதருக்குப் போதும். ஆர்க்காட்டு முற்றுகையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்து மன்றோவுக்கு எதிரே நின்றுகொண்டார். மகன் திப்புவைச் சுமார் 10,000 பேருக்கு மேல் கொடுத்துப் பெய்லியை மறிக்க அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் சண்டை. பெய்லியின் வரிசை குலையவில்லை. திப்பு பின்வாங்க வேண்டியிருந்தது. ஆனால் பெய்லியும் நகர முடியவில்லை. “நான் வந்து சேர இயலாது, நீங்கள் வாருங்கள்” என்ற கருத்தில் மன்றோவுக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டு படைக்கும் நடுவே சுமார் 15 மைல். ஒரு நாள் நடை. அந்தப் பதினைந்து மைல் இடைவெளிக்குள் ஹைதர் நின்றுகொண்டிருந்தார்.

மன்றோவின் நெல் மூட்டை

மன்றோ ஏன் கிளம்பவில்லை? அவருக்கும் காரணம் இருந்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி கொடுப்பதாகச் சொன்ன தானியமும் மாடுகளும் வரவில்லை. காஞ்சிபுரத்தில் தேடிச் சேர்த்த கொஞ்சம் நெல்லும், இழுத்துக்கொண்டு ஓட முடியாத கனத்த பீரங்கிகளும்தான் கையிருப்பு. அவற்றை விட்டுவிட்டுப் போனால் படைக்குச் சோறில்லை என்று பயந்தார்.

முழுப் படையும் போகாமல், சும்மாவும் இராமல், நடுவாக ஒன்று செய்தார். செப்டம்பர் 8 இரவு கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரைப் பெய்லிக்கு உதவியாக அனுப்பினார். படையிலேயே பொறுக்கி எடுத்த ஆட்கள் அவர்கள். வழிகாட்டிகள் ஹைதரின் ஒற்றர்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட பிளெட்சர், சொன்ன வழியில் போகாமல் சுற்றுவழியில் இருட்டில் நடந்து, மறுநாள் காலை பெய்லியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹைதரே அசந்துபோன காரியம் என்று சொல்வார்கள்.

ஆனால் இதனால் என்ன ஆயிற்று? மன்றோவிடம் இருந்த நல்ல ஆட்கள் குறைந்தார்கள். பெய்லியின் படையோ ஹைதரைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாகவில்லை. இடைவெளி அப்படியே இருந்தது. அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஆயிரம் பேரை மாற்றிவைத்ததுதான் மிச்சம். பெய்லியின் பேரில் பழி போடுகிறவர்கள் உண்டு. ஆற்றங்கரையில் தங்கியதற்கு அவர்தான் பொறுப்பு. என்றாலும் பெரிய ஓட்டையைத் திறந்து வைத்தவர் மன்றோ என்றே தோன்றுகிறது.

செப்டம்பர் 9 இரவு பெய்லி புறப்பட்டார். இருட்டில் வழியெல்லாம் திப்புவின் ஆட்கள் சுட்டுக்கொண்டே வந்தார்கள். நடு வழியில், விடியட்டும் என்று பெய்லி நிறுத்திவிட்டார். காஞ்சிபுரம் அப்போது பத்து மைலுக்குள். பிளெட்சருக்கு இது பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதே இரவில் ஹைதர் தம் முழுப் படையையும் மன்றோவின் மூக்குக்கு முன்னாலிருந்து சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு போய்விட்டார். மன்றோவுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 10 காலை

விடிந்து நடக்கத் தொடங்கியதும் திப்புவின் பீரங்கிகள் பேசின. அவற்றின் வாயை அடைக்கச் சிப்பாய்க் கம்பெனிகள் சிலவற்றைப் பெய்லி வரிசையிலிருந்து பிரித்து அனுப்பினார். அவர்கள் வீரமாகத்தான் போனார்கள். சில பீரங்கிகளைப் பிடித்தும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் புழுதி கிளம்பியது. ஹைதரின் குதிரைப்படை. வரிசையை விட்டு வெளியே வந்து நின்ற அந்த ஆட்கள் திரும்பி ஓடிவர வேண்டியதாயிற்று. ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் வழியிலேயே மாண்டிருப்பார்கள்.

பிறகு ஹைதர் அவசரப்படவில்லை. குதிரையை மட்டும் ஏவியிருந்தால் சதுரம் தாங்கியிருக்கும். அவர் சுமார் ஐம்பது பீரங்கிகளைச் சுற்றி நிறுத்திச் சுடச் சொன்னார். மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் வாணங்களும் பறந்தன. குதிரைக்கு எதிராக நெருக்கமாக நிற்பது நல்லது. பீரங்கிக்கு எதிராக நெருக்கமாக நிற்பதைவிட மோசமானது வேறில்லை. ஒரு குண்டு ஒரு வரிசையையே வாரிக்கொண்டு போகும். கலைந்து படுத்தால் குதிரை வரும். நெருங்கி நின்றால் குண்டு வரும். பெய்லியின் ஆட்கள் மாட்டிக்கொண்ட பொறி இதுதான்.

அப்போது வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பீரங்கிக் குண்டு பட்டா, வாணம் விழுந்தா என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். எப்படியானாலும் அவை சதுரத்துக்குள்ளே இருந்த வண்டிகள். வெளியே இருந்து வந்த எந்தக் குதிரையும் திறக்க முடியாத வேலி உள்ளே இருந்து திறந்துகொண்டது. நடுவில் இருந்த மூட்டை தூக்கிகளும், மாட்டுக்காரர்களும், காயம்பட்டவர்களும் வெளியே பாய, சிப்பாய் வரிசைகள் பிளந்தன. அந்தப் பிளவில் குதிரைப்படை நுழைந்தது.

மிஞ்சிய வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு மேட்டில் கூடி மறுபடியும் சின்னதாக ஒரு சதுரம் கட்டினார்கள். மருந்து தீர்ந்துவிட்டது. அதிகாரிகள் வாளாலும் சிப்பாய்கள் துப்பாக்கிக் கத்தியாலும் மட்டும் சமாளித்தார்கள். பதின்மூன்று முறை குதிரைப்படை வந்து திரும்பிற்று என்று சொல்கிறார்கள். எண்ணிக்கை எப்படியோ, அந்தச் சின்னச் சதுரம் கடைசி வரை உடையவில்லை என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

காயம்பட்ட பெய்லி வெள்ளைத் துணியை உயர்த்தினார். ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன பிறகும் சிலர் சுட்டுவிட்டார்கள். ஆத்திரம் கொண்ட குதிரைக்காரர்கள் நிராயுதபாணிகள்மேல் பாய்ந்தார்கள். ஹைதரிடம் வேலை பார்த்த லாலி முதலான பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பெய்லியுடன் இருந்த அதிகாரிகள் 86 பேர். இறந்தவர் 36, காயத்துடன் பிடிபட்டவர் 34, காயமில்லாமல் பிடிபட்டவர் 16. கர்னல் பிளெட்சர் இறந்தார். அதிகாரிகளுக்கு இப்படித் தலைக்கணக்கு இருக்கிறது. சுமார் 3,800 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பகுதி சிப்பாய்கள். சென்னைப் பட்டாளத்துக்குத் தமிழ், தெலுங்கு நாட்டு ஊர்களில் ஆள் சேர்த்த காலம் அது. அவர்களில் யார் செத்தார், யார் பிடிபட்டார், யார் ஊர் திரும்பினார் என்பதற்குப் பெயர் வாரியான கணக்கு எதையும் எந்தச் சரித்திரப் புத்தகமும் தருவதில்லை.

தெப்பக்குளத்தில் பீரங்கி

வெடிச் சத்தம் கேட்டு மன்றோ அன்று காலைதான் புறப்பட்டார். சில மைல் நடந்ததும், காயத்துடன் ஓடிவந்த சிப்பாய்கள் செய்தி சொன்னார்கள். திரும்பிக் காஞ்சிபுரம் வந்தார். எந்தக் கனத்த பீரங்கிகளை விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாரோ, அவற்றை மறுநாள் ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். நெல்லும் போயிற்று, பீரங்கியும் போயிற்று, படையும் போயிற்று.

கல்கத்தாவிலிருந்து வந்திறங்கிய சர் அயர் கூட் பிறகு தலைமை ஏற்றார். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை வென்ற அதே கூட். இப்போது வயதானவர், நோயாளி. 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைச் சந்தித்தபோது அவரிடம் சுமார் 8,000 பேர்தான். படையை இரண்டு வரிசையாகப் பிரித்தார். முதல் வரிசை மணல்மேடுகளின் நடுவே பக்கவாட்டில் புகுந்து முன்னேற, இரண்டாவது வரிசை பின்னால் மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு வரிசைக்கும் நடுவில் புகுந்து பிரித்துவிட வேண்டும் என்று ஹைதரின் படை திரும்பத் திரும்ப மோதியது. காஞ்சிபுரத்தில் செய்ததையே இங்கேயும் செய்யப் பார்த்தார். இரண்டாவது வரிசை நகரவில்லை. ஹைதர் பின்வாங்கினார். முதல் வரிசைக்குத் தலைமை வகித்தவர் அதே மன்றோதான் என்பது ஒரு வேடிக்கை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறை

பிடிபட்டவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். கர்னல் பெய்லி 1782 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவருடைய மருமான், லக்னோவில் ரெசிடெண்டாக இருந்த ஜான் பெய்லி, 1816-ல் கட்டிய நினைவு மண்டபம் கும்பஸ் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. விலங்கு மாட்டிய கைதிகளில் டேவிட் பெயர்ட் என்ற இளம் காப்டன் ஒருவர். பிளெட்சருடன் இருட்டில் நடந்து போனவர். நாற்பத்து நாலு மாதம் சிறையில் இருந்தார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையை உடைத்துப் புகுந்த படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தப் பெயர்ட்தான். அன்று திப்பு வீழ்ந்தார்.

கோட்டை விழுந்த பிறகு ஊரின் அதிகாரம் பெயர்டுக்குக் கிடைக்கவில்லை. கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லிக்குப் போயிற்று. அவர் குடியிருந்தது இதே தரியா தௌலத் மாளிகையில். சித்திரத்தை அவர் பழுது பார்க்கச் செய்தார். 1850-களில் டல்ஹௌசி காலத்தில் மறுபடியும் புதுப்பித்தார்கள். இப்போது நாம் காண்பது அந்தப் புதுப்பித்த படம்.

அந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்காலத்து வெல்லிங்டன் பிரபு. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனின் குதிரைப்படை அலை அலையாக வந்து மோதியபோது அவருடைய காலாட்படை சதுரம் சதுரமாக நின்று தாங்கியது. பிரெஞ்சுத் தளபதி நே குதிரைகளை அனுப்பினாரே தவிர, கூடவே போதிய பீரங்கிகளையும் காலாட்களையும் அனுப்பவில்லை. ஹைதர் புள்ளலூரில் செய்த காரியத்தை நே செய்யவில்லை. சாயங்காலம் பீரங்கிகள் கிட்டே வந்தபோது 27-ஆவது ரெஜிமெண்டு பாதிக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தது. விழுந்தவர்கள் சதுரமாகவே கிடந்தார்கள் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். அந்தச் சதுரமும் உடையவில்லை. மாளிகைச் சுவரைப் பார்த்து வெல்லிங்டன் பாடம் படித்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாசற்படியில் வரைந்திருந்ததை அவர் பார்க்காமல் இருந்திருக்கவும் முடியாது.

புள்ளலூருக்குச் சண்டை புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவரை அங்கே அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவன் வாதாபியிலிருந்து வந்த இரண்டாம் புலிகேசி என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. பெய்லி தோற்று ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1781 ஆகஸ்டு 27 அன்று, ஹைதர் தமக்கு ராசியான இடம் என்று அதே புள்ளலூரில் கூட்டை எதிர்த்து நின்றார். கூட்டின் சிப்பாய்கள் அணிவகுத்த தரையில், முந்தின வருஷம் விழுந்தவர்களின் எலும்புகள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்தன. பகல் முழுதும் சண்டை. வெற்றி யாருக்கு என்று தெளிவாகவில்லை. அன்று இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய கூம்புத் தூண்கள் புள்ளலூரில் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது காஞ்சிபுரத்தில் இறங்குகிறவர்கள் ஒரு காலைப் பொழுதில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.